பெற்றோர் விருந்தாளிகளா?

நம் பாட்டன்மார் காலத்தில் மகன்தான் ஊருக்குப் போவான். பெற்றோர் இக்கரைக்கு வருவதென்பது கிடையாது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிற்று. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம். கப்பல் தளத்தில் பாயை விரித்துப் படுத்து, உப்புக் காற்றிலே வாந்தியும் மயக்கமுமாய் வருகிற அந்தப் பயணத்திற்கு வயதான தாயை அழைக்க யாருக்குத்தான் மனம் வரும்? இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் நடப்புக்கு வந்தபின், அத்தாவும் அம்மாவும் வந்து போவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

வந்தவர்களை நாம் என்ன செய்கிறோம் என்பதே நான் எழுத வந்த விஷயம். முதல் ஞாயிற்றுக்கிழமை கொடிமலை. அடுத்த வாரம் தண்ணீர்மலைத் தோட்டம். இடையில் இரண்டு மூன்று இரவு பெரிய உணவகத்தில் சாப்பாடு. எடுத்த படங்கள் அன்றிரவே ஊருக்குப் போய்விடும். அங்கே மச்சானும் மாமியும் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிடுவார்கள். மற்ற நாட்களில் மகன் காலையில் கடை திறக்கப் போனால் இரவு பத்துக்குமேல்தான் திரும்புவான். அத்தா அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் உட்கார்ந்து கார்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சு உண்டு. பெரியவர்கள் சிலர், மலைக்கும் ஓட்டலுக்கும் செலவழிப்பது இஸ்ராப், வீண் விரயம் என்கிறார்கள். இளைஞர்களோ, பெற்றோருக்குச் செய்யும் கித்மத்திலே கணக்குப் பார்க்கலாமா என்று திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு பேருமே பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பெற்றோர் நம் வீட்டுக்கு யாராக வருகிறார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைத் தீர்த்துக்கொண்டால் செலவு தானே தன் இடத்தில் போய் நிற்கும்.

விருந்தாளிக்கு மார்க்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு பகலும் ஓர் இரவும் விசேஷ உபசாரம். மூன்று நாள்வரை விருந்து. அதற்குமேல் கொடுப்பது ஸதகா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். வீட்டுக்காரனைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு விருந்தாளி தங்கக்கூடாது என்றும் அதிலே வருகிறது. இந்தக் கணக்கைப் பெற்ற தாய்க்குப் பொருத்திப் பாருங்கள். நான்காம் நாள் அவளுக்கு நாம் வைக்கும் சோறு தர்மமா? சொல்லவே நாக்கு கூசுகிறது. நம் கடைகளில் ஆண்டுதோறும் ஜகாத் கணக்குப் பார்க்கிறோம். அந்த ஜகாத்திலே ஒரு காசைக்கூடப் பெற்றோருக்குக் கொடுக்க முடியாதென்பது நாமெல்லாம் அறிந்த மஸ்அலா. ஏன்? தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளையின் கடமை. தன் கடமையைத் தன் ஜகாத்தால் தீர்த்துக்கொள்ள ஒருவனுக்கு அனுமதியில்லை.

இன்னொன்றும் பாருங்கள். பிரயாணி தொழுகையைச் சுருக்கித் தொழலாம். ஆனால் ஒரே ஊரில் நான்கு நாள் தங்க நிய்யத்து வைத்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் அவர் பிரயாணி ஆகமாட்டார்; ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள். மாதம் முழுவதும் பினாங்கில் தங்க வந்த அத்தா, எந்த மத்ஹபுக்காரராக இருந்தாலும், லுஹரை நான்கு ரக்அத்தாகத்தான் தொழவேண்டும். தொழுகை விரிப்பிலே அவர் உள்ளூர்வாசி. சாப்பாட்டு மேசையிலே மட்டும் அவரை வெளியூர் விருந்தாளியாக உட்கார வைத்திருக்கிறோம்!

விருந்தாளிக்கு மரியாதை உண்டு, உரிமை இல்லை. எதை எப்போது உண்பது, எங்கே போவது என்பதெல்லாம் வீட்டுக்காரன் கையில். வீட்டின் கஷ்டத்தை விருந்தாளிக்குச் சொல்லமாட்டோம். அவர் முன்னால் கணவன் மனைவி சத்தம் போட்டுக்கொள்ளமாட்டோம். கடையில் சரக்குத் தேங்கிக் கிடப்பதை மறைத்து, வியாபாரம் நன்றாயிருக்கிறது என்போம். இத்தனையும் நல்ல பழக்கங்களே. இவற்றைப் பெற்றோரிடமும் காட்டி ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மலையும் உணவகமும் சில வீடுகளில் இந்த மூடுதிரைக்குத்தான் உதவுகின்றன. மகனுக்கு அத்தாவோடு உட்கார்ந்து பேச ஒன்றுமில்லை, அல்லது பேசவேண்டியது கனமாயிருக்கிறது. ஆகவே காட்ட ஏதாவது வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மலைக்கு அழைத்துப் போகவேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாய் அழைத்துப் போங்கள். அல்லாஹ்வின் படைப்பைப் பார்ப்பது நல்ல காரியம். இராமநாதபுரத்துக் கரிசலிலும் மணலிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை ஓர் அதிசயம். 1923-இல் கொடிமலைக்குக் கம்பிவட ரயில் போட்டார்கள். முன்பு நடுவிலே வண்டி மாறி ஏற அரைமணி நேரமாகும். 2011-இல் புது வண்டிகள் வந்தபின் சில நிமிடங்களில் உச்சி. அங்கே குளிர்ந்த காற்று உண்டு; கீழே ஜார்ஜ் டவுனும் கடலும் தெரியும்; தொழப் பள்ளியும் இருக்கிறது. இவ்வளவு போதும். தண்ணீர்மலைத் தோட்டத்திலிருந்து ஜீப் பாதையாக ஐந்து கிலோமீட்டர் நடந்து மலையேறுவது நம் இளைஞர்களுக்கு இப்போது ஒரு பழக்கமாகியிருக்கிறது, உடம்புக்கு நல்லது. ஆனால் எழுபது வயது அத்தாவை, ஊரிலே சுபுஹுக்கு நடந்தே பள்ளிக்குப் போகிறவர்தானே என்று அந்தச் செங்குத்துப் பாதையில் இழுத்துக்கொண்டு போகிறார்களே, அது சரியன்று. சமதரையில் நடந்த கால் வேறு, சரிவில் நடக்கிற கால் வேறு. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் கழன்றுபோகும். மகன் மனம் கோணக்கூடாதென்று வாய் திறக்காமல் வருவார். கீழே தோட்டத்துச் சமபாதையில் ஒரு சுற்று நடந்து, பெஞ்சியில் உட்கார்ந்து, குரங்குகளின் சேட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தாலே அவருக்குப் பெருநாள்தான். யாருடைய கால் கணக்கில் நடக்கிறோம் என்பதிலே இருக்கிறது விஷயம்.

உணவக விஷயம் சற்றுச் சிக்கலானது. விலைப்பட்டியலைப் பார்த்தவுடன் அம்மா வெள்ளியை ஏறக்குறைய இருபதால் பெருக்கி ரூபாயாக்கி, “எதுக்குத்தா வீண் செலவு, வீட்டுலயே ஆக்கியிருக்கலாமே” என்பார்கள். இந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? நாமெல்லாம் வியாபாரிகள். “சும்மா பார்க்கிறேன்” என்று சொல்லும் வாடிக்கைக்காரர் எப்போது உண்மையிலேயே சும்மா பார்க்கிறார், எப்போது விலைக்குப் பயந்து நிற்கிறார் என்று முகத்திலேயே கண்டுபிடிப்போம். அந்தச் சாமர்த்தியத்தைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. பணத்தை எண்ணிச் சொல்கிற ‘வேண்டாம்’ பெரும்பாலும் நம்மீதுள்ள இரக்கம், அன்போடு மீறலாம். உடம்பை எண்ணிச் சொல்கிற ‘வேண்டாம்’ உத்தரவு, மீறக்கூடாது. சர்க்கரை நோயுள்ள தகப்பனார் தட்டிலே நாலு குழம்பைக் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொல்லி, “பினாங்கு வந்து நாசி கண்டார் சாப்பிடாவிட்டால் எப்படி” என்று வற்புறுத்துவது உபசாரமாகாது. தோளிலே காவடித் தண்டு வைத்துச் சோறும் கறியும் தூக்கி, துறைமுகத் தொழிலாளிகளுக்கு நம்மவர்கள் விற்றார்களே, அந்தக் கதையை அவருக்குச் சொல்லி ஒரு பிடி சோறும் ஒரு துண்டு மீனும் வைத்தால் போதும். அவருடைய அத்தாவே அப்படித் தண்டு தூக்கியவராக இருக்கக்கூடும். அவர் சொல்வதை நாம் கேட்கவேண்டிய இடம் அது.

அம்மாக்களுக்கு ஒரு வேளையாவது பரிமாற எழுந்திருக்காமல் உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய ஆறுதல். ஐம்பது வருஷம் எல்லாரும் உண்டபின் உண்டவர்கள் அவர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே உணவகச் செலவை இஸ்ராப் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே அம்மாதான் கருவாடும் மசாலாத்தூளும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். மூன்று நாள் உட்கார்ந்து உண்டபின் அவர்கள் கண் அடுப்பங்கரைப் பக்கம் போகும். “நீங்க உட்காருங்கம்மா” என்று தடுத்துக்கொண்டே இருந்தால் அது மரியாதைபோல் தோன்றும். அவர்களுக்கோ, இது உங்கள் வீடில்லை என்று சொன்னதுபோலத்தான் கேட்கும். தன் கையால் ஆக்கிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதற்கே அவர்கள் கடல் கடந்து வந்தார்கள்.

அத்தாவுக்குக் கடை. கல்லாவில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. வருகைப் பாஸில் வந்தவர் வேலை செய்யக்கூடாதென்பது சட்டம், அதை மதிக்கவேண்டும். ஓரமாய் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். பேரேட்டைக் காட்டுங்கள். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு, யார் கடன் நிற்கிறது என்று சொல்லுங்கள். மகன் அனுப்பிய பணம் எந்த உழைப்பிலிருந்து வந்ததென்று இத்தனை வருஷம் கண்ணால் பார்க்காதவர் அவர். அஸருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு, 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிக்கு நடந்து போங்கள். வழியிலே அவர் என்ன கேட்கிறாரோ, அதுதான் ஒரு மாதமாக அவர் கேட்க நினைத்தது.

கடனைத் தீர்த்துவிட்டோம் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். தாயை முதுகில் சுமந்து கஃபாவைத் தவாபு செய்த யமன் தேசத்து மனிதர், இதனால் அவளுக்குப் பட்ட கடன் தீர்ந்ததா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். பிரசவத்தில் அவள் பட்ட ஒரு வேதனைக்குக்கூட ஈடாகாது என்று பதில் வந்தது. இமாம் புகாரி அவர்களின் ‘அல் அதபுல் முஃப்ரத்’ நூலில் இது இருக்கிறது. கம்பிவட ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவன் எந்த மூலை!

கடைசியாக ஒன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இந்த 30 நாளும் அத்தாவுக்குச் சர்க்கரை பார்த்து, அம்மாவுக்கு வெந்நீர் வைத்து, வந்து போகிற உறவினர்களுக்குத் தேநீர் கலக்குவது யார்? நம் மனைவிமார். புண்ணியக் கணக்கு கணவன் பேரில், உழைப்பு அவள் பேரில்! மாமன் மாமிக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது பர்ளு அன்று, அது அவளுடைய நற்குணம் என்றுதான் ஆலிம்கள் சொல்கிறார்கள்; கடமை மகனுடையது. ஆகவே சாப்பிட வெளியே போகிற இரவு அவளுக்கும் ஓய்வென்று எண்ணிப் போங்கள். அவளைப் பெற்றவர்களும் ஊரிலே இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடவுச்சீட்டு எடுத்தாகிவிட்டதா என்று இந்த வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.