பொறுக்கி எடுத்த பனி

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் மலைப்பாங்கான ஊர் ஜெரிக்கோ. அங்கே வில்சன் பென்ட்லி என்று ஒரு குடியானவர் இருந்தார். 1885-ம் வருஷம், 19 வயதில், மைக்ராஸ்கோப்பைக் காமிராவோடு இணைத்து ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். பனி பெய்தால் கறுப்புப் பலகையை நீட்டிக்கொண்டு நிற்பார்; உருகிவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொள்வார். 1931-ல் இறக்கும்வரை 5,000-க்கும் மேற்பட்ட படங்கள்! ஊரார் பைத்தியம் என்றார்கள். ஊரார் வேறென்ன சொல்வார்கள்?

ஆனால் வேறொரு குற்றச்சாட்டும் உண்டு. விழுகிற துகள்களில் பெரும்பாலானவை உடைந்தவை, கோணலானவை. பென்ட்லியோ ஆறு கரமும் அளவாக அமைந்தவற்றையே தேடிப் பொறுக்கினார். நெகடிவின் பிரதியில் உருவைச் சுற்றிக் கத்தியால் சுரண்டிப் பின்னணியைக் கறுப்பாக்கினார். ஜெர்மன் வானிலை அறிஞர் ஹெல்மன் இதையெல்லாம் ஆட்சேபித்தார்.

இது பொய்யா? கதை எழுதுகிறவனுக்குச் சங்கடமான கேள்வி. தெருவில் போகிற நூறு பேரில் ஒருவனைத்தானே நானும் எடுத்துக்கொள்கிறேன்! பென்ட்லி இல்லாததை வரையவில்லை. அந்த ஆறு கரங்களும் அந்த மலையில் மெய்யாகவே விழுந்தன. அந்த மட்டில் நான் அவர் கட்சி. ஆனால் அப்படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு குழந்தை, தன் சட்டைக் கையில் விழுந்த கோணல் துகளைப் பார்த்து, 'இது பனியே இல்லை' என்று ஊதித் தள்ளுமானால்? அங்கே என் வக்காலத்து தடுமாறுகிறது. அதுவும் அதே மேகத்தில் பிறந்ததுதான். வழியில் பட்ட அடிகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பென்ட்லியின் பலகையிலிருந்து இறகால் ஒதுக்கப்பட்டவை எத்தனை ஆயிரமோ!