மணியும் என் சாட்சியும்



சபைப் பத்திரிகையில் நாய்க்குட்டியைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். அந்தக் குட்டியைக் கொண்டு என் இருதயத்தில் ஒளிந்திருந்த ஒரு காரியம் வெளிச்சத்துக்கு வந்தபடியால் எழுதுகிறேன்.

எங்கள் எறையூரில் கரும்பு அரவை நடக்கும் காலத்தில், சர்க்கரை ஆலைக்குப் போகிற ரோட்டோரம் அது கிடந்தது. என் இளைய மகள் தூக்கிக்கொண்டு வந்து மணி என்று பேர் வைத்தாள். "ஊசி போட்டீங்களா ஐயா?" என்று ஒருவர் கேட்டார். "நாட்டு நாய்தானே, அதுக்கு ஒண்ணும் வராது" என்றேன். என் முதல் தவறு அது.

ஏழாம் மாசத்தில் காய்ச்சல் வந்தது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, கழிச்சல். ஜெபித்தோம், பத்து நாளில் எழுந்து ஓடியது. ஞாயிறு ஆராதனையில் அதைச் சாட்சியாகவே சொன்னேன். சபையார் கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தாடை தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு பின்னங்கால் வெடுக் வெடுக்கென்று துடித்தது. தூக்கத்திலும் துடிப்பு நிற்கவில்லை. தெருவில் "வெறிநாய்" என்று பேச்சு வந்தது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "வெறி இல்ல பாஸ்டர். வெறின்னா பத்து நாள் தாண்டாது. இது டிஸ்டெம்பர்" என்றார்.

அவர் விளக்கியது இது. இந்தக் கிருமியை 1905-ல் பிரான்சு தேசத்தில் காரே என்பவர் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமிக்கு இது பங்காளி. ஆனால் மனுஷனுக்குத் தொற்றாது. 2018-ல் குஜராத்தின் கீர் காட்டில் சிங்கங்கள் செத்ததற்கும் இது ஒரு காரணம். காய்ச்சல் விட்ட பிறகும் கிருமி மூளையிலும் தண்டுவடத்திலும் தங்கிவிடும். கரண்டு வயரின் மேலுறை உரிவதுபோல நரம்பின் உறை உரிந்துபோகும். சில நாய்கள் துடிப்போடேயே பல வருஷம் வாழும். சிலதுக்கு இறங்கிக்கொண்டே போகும். கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. தடுப்பூசி மட்டும் உண்டு: குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நாலு மாசம் ஆகும்வரை மூன்று நாலு வார இடைவெளியில் போடவேண்டும்.

மணிக்கு இறங்கிக்கொண்டே போனது. எண்ணெய் பூசி ஜெபித்தேன். உபவாசமும் இருந்தேன். ஒரு சகோதரர், "பாஸ்டரய்யா, விசுவாசம் குறைஞ்சு போச்சோ?" என்றார். அது முள்ளாய்த் தைத்தது. மணியால் எழுந்திருக்க முடியவில்லை. மூத்திரத்திலேயே கிடந்து இடுப்பில் புண் வைத்தது. வலிப்பு அடிக்கடி வந்தது. டாக்டர், "மயக்க ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம், இதுக்கு மேல பாவம்" என்றார். "ஜீவன் கர்த்தருடையது" என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

ஒரு ராத்திரி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "மணிக்கு வலிக்குதேப்பா. யாருக்காக இதை இப்படி வச்சிருக்கோம்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிரியமானவர்களே, மணிக்காக அல்ல. நான் சொன்ன சாட்சி பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் அதை வைத்திருந்தேன். என் பேரைக் காப்பாற்ற ஒரு வாயில்லா ஜீவன் வேதனைப்பட்டது.

நீதிமொழிகள் 12-ம் அதிகாரம் 10-ம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். தன் மிருகத்தின் ஜீவனை எண்ணிப் பார்ப்பது நீதிமானின் அடையாளம் என்கிறது முற்பகுதி. இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டு கொடுமை செய்யவும் மனுஷனால் முடியும் என்று பிற்பகுதி எச்சரிக்கிறது. முற்பகுதியைப் பிரசங்கித்துக்கொண்டே பிற்பகுதியில் நின்றிருந்தேன்.

1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த ஒரு கன்றுக்குட்டியை ஊசி போட்டு முடிக்கக் காந்தியார் சம்மதித்தார். அகிம்சை பேசுகிறவர் இப்படிச் செய்யலாமா என்று பலர் கோபித்தார்கள். அவர் அதை மறைக்காமல் தன் பத்திரிகையிலேயே எழுதினார். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ம் பிரிவும், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்கிற நிலையில் மிருகத்தின் வேதனையை முடிக்க வழி வைத்திருக்கிறது.

"அப்படியானால் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கும் இதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. மனுஷன் தன் பாடுகளிலும் ஜெபிக்கிறான், மன்னிக்கிறான், நித்தியத்தை நம்புகிறான். "நாளைக்குச் சரியாயிடும்" என்ற வார்த்தை அவனைத் தாங்கும். நாய்க்கு அந்த வார்த்தை இல்லை. அதற்கு இருப்பது இந்த நிமிஷத்து வலியும் நம்முடைய கையும்தான்.

ஆனால் இது சுலபமான வழியும் அல்ல. செலவாகிறது, பார்க்க அசிங்கமாயிருக்கிறது, வெளியூர் போகவேண்டும் என்பதெல்லாம் காரணம் ஆகாது. கால் இழுத்தாலும், ஆசையாய்ச் சாப்பிட்டு வாலாட்டுகிற நாய் வாழட்டும். தின்கிறதா? உங்களைக் கண்டால் சந்தோஷப்படுகிறதா? நல்ல நாள் அதிகமா, கெட்ட நாள் அதிகமா? இதை உங்களுக்காக அல்ல, அதற்காகக் கேளுங்கள். டாக்டரையும் கேளுங்கள்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்தார். தலையை நான் மடியில் வைத்திருந்தேன். மகள் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஊசி ஏறினதும் பல மாசம் ஓயாத அந்தத் துடிப்பு ஓய்ந்தது. வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் மட்டும் வந்து, "என் வீட்டுக்காரர் சுகமாகாம செத்தப்ப, என் விசுவாசக் குறைச்சல்னே இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன் ஐயா" என்று சொல்லி அழுதார்கள். சுகமானவர்களை மாத்திரம் மேடையேற்றி, சுகமாகாதவர்கள்மேல் எவ்வளவு பாரத்தைச் சுமத்தியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நான் விடவில்லை. சுகம் வராத இடத்தில் இரக்கத்தோடு உட்கார்ந்திருப்பதும் ஊழியம்தான் என்று கற்றுக்கொண்டேன். வீட்டில் குட்டி வளர்க்கிறவர்கள் இந்த வாரமே தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

உங்கள் ஜெபத்தை வாஞ்சிக்கும்,
எறையூர் சகோதரன்.