அளவுகோலுக்கு யார் சாட்சி?

தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அளவைகள் என்ற பாடத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர், நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர், ஆயிரம் கிராம் ஒரு கிலோ என்று ஒரு வாய்பாடு, அதன் கீழே மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றும் சில கணக்குகள், பாடம் முடிந்தது. கூட்டலும் பெருக்கலும்தான் கணக்கின் உயிர், இது பெயர்களை உருப்போடும் சில்லறை வேலை என்று ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணிவிடுகிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். ஒரு கூற்று எனக்கும் உனக்கும் ஒருசேர உண்மையாவது எதனால், அந்த உண்மைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மெய்யியலில் மிகப் பழையது. எட்டு வயதுக் குழந்தை அந்தக் கேள்வியை முதன்முதலாகக் கையால் தொடும் இடம் இந்தப் பாடம்தான். ஒரு நாட்டின் தலைநகரத்தையும் ஒரு மன்னன் ஆண்ட காலத்தையும் பிள்ளை ஆசிரியர் சொல்லித்தான் நம்ப வேண்டும். கரும்பலகையின் நீளத்தை அப்படி நம்ப வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிடலாம். ஆசிரியர் சொன்ன எண் தவறாக இருந்தால் பிள்ளை எழுந்து சொல்லலாம். ஆசிரியரும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். வகுப்பறையில் வேறு எங்கும் இவ்வளவு எளிதில் கிடைக்காத இந்தச் சமத்துவத்தை வாய்பாடு விழுங்கிவிடுகிறது. அலகுகளைக் கற்பிப்பதென்றால் சரிபார்க்கும் உரிமையைக் குழந்தையின் கையில் கொடுப்பது என்பதே என் வாதம்.

அளவுக்கு ஆதாரம் எது என்பதில் பழைய கிரேக்கத்திலேயே இரண்டு பதில்கள் இருந்தன. மனிதனே எல்லாவற்றுக்கும் அளவு என்றார் புரோட்டகோரஸ். பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் அதற்கு மறுமொழியாக, அந்த இடம் கடவுளுக்கே உரியது என்றார். தமிழ்நாட்டில் இதே கேள்வி நெல்லுக்கும் பொன்னுக்கும் நடுவே எழுந்தது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். பொன் நிறுத்த எடைக்கல்லுக்கும் அதே பெயர். அணிகலன்களை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். இரண்டும் அந்தக் கோயிலில் எழுந்தருளியிருந்த இறைவனின் பெயர்கள். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், மாறாதவன் என்று எல்லாரும் நம்பும் ஒருவனிடம் அதை ஒப்படைப்பதுதானே முறை? பிளேட்டோவின் பதிலைச் சோழ நாட்டுக் களஞ்சியத்தில் நடைமுறையாகவே காண்கிறோம்.

சமயங்கள் இந்த விஷயத்தில் காட்டும் ஒற்றுமை வியப்பானது. எபிரேய வேதத்தின் லேவியர் ஆகமம் நேர்மையான தராசையும் எடைக்கல்லையும் கட்டளையாகவே விதிக்கிறது. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், தனக்கு வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் பொய்யளவையைக் கள்ளாமை நோன்பின் மீறல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. திருக்குறள் நடுவுநிலைமையைச் சொல்ல வரும்போது தராசையும் வணிகரையும் எடுத்துக்கொள்கிறது. கொலையையும் களவையும் பேசுகிற நூல்கள் ஒரு படி நெல்லில் கைப்பிடி குறைவதை ஏன் இவ்வளவு பெரிதாகக் கொண்டன? காரணம் இந்தக் குற்றத்தின் இயல்பில் இருக்கிறது. வீட்டில் திருட்டுப் போனால் பறிகொடுத்தவனுக்குத் தெரியும். அளவில் குறைத்தால், ஏமாந்தவன் தான் ஏமாந்ததே தெரியாமல், சில சமயம் நன்றி கூடச் சொல்லிவிட்டுப் போகிறான். புகார் சொல்ல ஆளில்லாத குற்றம் இது. மனிதச் சாட்சி இல்லாத இடத்தில்தான் பல சமயங்கள் கடவுளைச் சாட்சிக்கு அழைத்திருக்கின்றன.

ஆனால் அந்தச் சாட்சி போதவில்லை என்பதற்கும் தஞ்சையே ஆதாரம். 1940களில் அந்த மாவட்டத்து விவசாயத் தொழிலாளர் இயக்கம் எழுப்பிய கோரிக்கைகளுள், கூலி நெல்லை முத்திரை மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. இறைவன் பெயரால் நெல் அளந்த அதே மண்ணில், ஆயிரம் ஆண்டு கழித்து, அறுத்துக் களம் சேர்த்தவர்கள் தங்கள் கூலிக்கு நியாயமான மரக்கால் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. பக்தி குறைந்ததால் இப்படி ஆயிற்று என்று நான் நினைக்கவில்லை. மரக்கால் கொடுப்பவன் வீட்டில் இருந்தது. வாங்குபவனுக்கு அதைச் சோதிக்கும் வழியோ துணிவோ அனுமதியோ இல்லை. அளவைக் காப்பது கடவுள் பெயரா, அரசு முத்திரையா என்று கேட்டால், இரண்டும் தேவைப்படலாம். இரண்டும் வாங்குபவனால் சரிபார்க்க முடிந்த அளவுக்கே வேலை செய்யும் என்பதே என் முடிவு. அந்தச் சரிபார்ப்பு எங்கே கற்பிக்கப்படுகிறது? மூன்றாம் வகுப்பில். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து படிக்கும் பொதுப்பள்ளியில்.

இங்கே ஒரு மறுப்பு எழும். திண்ணைப் பள்ளியில் நெல்லிலக்கமும் எண்சுவடியும் மனப்பாடமாகத்தானே ஓதினார்கள்? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று பாடம் சொன்ன பிள்ளைகள் தேர்ந்த கணக்கர்களாகவில்லையா? ஆனார்கள், அந்த மனக்கணக்குத் திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்கள் ஓதிய ஒவ்வொரு பெயருக்கும் உரிய பாத்திரம் வீட்டு நெற்குதிரின் பக்கத்திலேயே இருந்தது. உழக்கின் கனம் கைக்குத் தெரிந்த பிறகுதான் அதன் வாய்பாடு நாவுக்கு வந்தது. இன்று அரிசியும் எண்ணெயும் அளந்து கட்டிய பொட்டலமாக வீட்டுக்குள் வருகின்றன. அளக்கும் செயலையே குழந்தை பார்ப்பதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் கூலி வாங்குபவரின் பிள்ளைக்கு இடமில்லை. சிலர் மட்டும் அறிந்த அளவு அவர்களுக்கு அதிகாரமாக இருந்தது. அதை எல்லார்க்கும் பொதுவாக்க வந்த பள்ளி, வெறும் வாய்பாட்டை மட்டும் கொடுத்து அனுப்புவது எப்படி நியாயம்?

வாய்பாடு தெரிந்தும் அளவு தெரியாமல் இருக்க முடியும் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. ஒரு பென்சிலை ஸ்கேலின் சுழியில் வைக்காமல் இரண்டாவது கோட்டில் தொடங்கி ஏழாவது கோட்டில் முடியும்படி வைத்து நீளம் கேட்டால், ஏழு என்று சொல்லும் குழந்தைகள் ஏராளம். இடையில் உள்ள கோடுகளை எண்ணி ஆறு என்பவர்களும் உண்டு. இவர்கள் கோட்டில் எழுதிய எண்ணைப் படிக்கிறார்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் அலகு என்பது மனதில் ஏறவில்லை. உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனை இதைவிட ஆழமாகப் போகிறது. ஒரு மேசையில் கட்டைகளால் ஒரு கோபுரம். வேறு உயரமுள்ள இன்னொரு மேசையில் அதே உயரத்தில் ஒரு கோபுரம் கட்டச் சொல்கிறார்கள். சிறு குழந்தைகள் கண்ணாலேயே ஒப்பிட்டுத் திருப்தியடைகிறார்கள். சற்று வளர்ந்தவர்கள் தங்கள் கையையும் தோளையும் அடையாளமாக வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே நடக்கிறார்கள். அதற்கும் பிறகுதான் ஒரு குச்சியை எடுத்து, இதற்கு அது சமம், அதற்கு இது சமம், ஆகவே இவை இரண்டும் சமம் என்று முடிவுக்கு வருகிறார்கள். தன் கண், தன் உடல் என்ற நிலையைத் தாண்டி, இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் பொருள் ஒன்றை நம்பத் தொடங்கும் அந்தக் கட்டம் என்னைப் பொறுத்தவரை அறவாழ்வின் தொடக்கமும்தான். வழக்கில் நீதிபதியும் பேச்சில் சான்றும் செய்வது இதே வேலை. அப்படிப்பட்ட ஒரு கட்டத்தைக் குழந்தை தானே கடக்க விடாமல், கையில் ஸ்கேலைத் திணித்து எண்ணைப் படி என்பது பெரிய இழப்பு.

சாணாலும் முழத்தாலும் காலடியாலும் அளக்கும் செயல்பாடு இன்றைய பாடநூல்களில் இருக்கத்தான் செய்கிறது. அது பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்து, ஆளுக்கு ஆள் விடை மாறுவதால் பொது அலகு தேவை என்ற ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. அந்த வரிக்கு முன்னால் நடக்க வேண்டிய சண்டையைத்தான் நான் கேட்கிறேன். ஒரே மேசைக்கு ஒருத்தி ஒன்பது சாண் என்கிறாள், இன்னொருவன் ஏழு என்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. யார் சொல்வது சரி என்று வகுப்பு கூச்சலிடட்டும். யாருடைய சாணைப் பொதுவாக வைப்பது என்ற கேள்வி வரும்போது, வகுப்பிலேயே பெரிய பையனுடையதா, ஆசிரியருடையதா, குலுக்கல் போட்டா, ஏன் என்று அவர்களே வாதாடட்டும். ஆளும் உரிமை பற்றிய பேச்சு அந்த அரை மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. சாண், முழம் போன்ற அலகுகளைக் கட்டாயமாக முதலில் வைக்க வேண்டியதில்லை, சிறு குழந்தைகளால் ஸ்கேலையும் நன்றாகவே கையாள முடியும் என்று சில கல்வி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. எது முதலில் என்பதில் எனக்குப் பிடிவாதமும் இல்லை. கருத்து வேறுபாட்டை வகுப்பில் தலைகாட்டவே விடாத முறையைத்தான் எதிர்க்கிறேன்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அலகு மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடு என்று குழந்தைக்குச் சொன்னால், உண்மையே உடன்பாடுதான், பெரும்பான்மை சொல்வதே சரி என்று அது முடிவுகட்டிவிடாதா? புரோட்டகோரஸின் பக்கம் சரிந்துவிட மாட்டோமா? அளந்து பார்த்த குழந்தை அப்படிச் சரியாது என்பதே என் பதில். அலகைச் சிறிதாக்கினால் எண் பெரிதாகிறது, பெரிதாக்கினால் எண் சிறுக்கிறது. மேசை அப்படியே இருக்கிறது. எந்த அலகு என்பதை நாம் வாக்கெடுத்து முடிவு செய்யலாம். அந்த அலகில் மேசை எத்தனை என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. நம் உடன்பாடும் நமக்கு அடங்காத உலகும் எங்கே சந்திக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் தொடக்கக் கல்வியில் எனக்குத் தெரியவில்லை. மீட்டரின் வரலாறும் இதையே சொல்கிறது. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்று பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1791இல் வகுத்தார்கள். 1889இல் அது பிளாட்டின இரிடியக் கம்பியாயிற்று. 1960இல் கிரிப்டான் ஒளியின் அலைநீளமாயிற்று. 1983 முதல் வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். வரையறை இத்தனை முறை மாறியும் யாருடைய வீட்டுச் சுவரும் நீளவில்லை, குறையவில்லை.

ஆஸ்திரியக் கிராமங்களில் 1920 முதல் 1926 வரை தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த மெய்யியலாளர் விட்கன்ஸ்டைன், பிற்பாடு எழுதியதில் ஒரு புதிர் இருக்கிறது: பாரிசில் இருக்கும் அந்த மூல மீட்டர் கம்பியைப் பற்றி மட்டும், அது ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னொரு மெய்யியலாளரான சால் கிரிப்கி இதை ஏற்கவில்லை. அந்தக் கம்பி வேறு நீளத்தில் இருந்திருக்கவும் கூடுமே என்று வாதிட்டார். கிலோகிராம் விஷயத்தில் இந்தப் புதிர் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. 1889 முதல் கிலோவாக இருந்த உலோக உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே சுமார் நூறாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தென்பட்டது. மூலம் இளைத்ததா, நகல்கள் பெருத்தனவா? மூலமே அளவு என்றிருந்தவரை, அது இளைத்தது என்று சொல்லவே வழியில்லை. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோ வரையறுக்கப்படுகிறது. உரிய கருவி உள்ள எந்த நாடும் இனி அதைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் பூட்டி வைத்திருந்த அளவு பலர் கைக்கு வந்தது என்ற வகையில், களத்து மேட்டில் முத்திரை மரக்கால் கேட்டவர்களின் கோரிக்கைக்கும் இதற்கும் உறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அன்பையும் பக்தியையும் அளக்க முடியாது, குழந்தைகளை அளக்கப் பழக்கினால் எல்லாவற்றையும் எண்ணாக்கிப் பார்ப்பார்கள் என்று ஆன்மிக நாட்டமுள்ளவர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்தும் இந்தப் பாடத்திலேயே இருக்கிறது. நீளத்தை நீளத்தால்தான் அளக்கலாம், எடையை எடையால்தான். அளக்கும் பொருளும் அலகும் ஓரினமாக இருக்க வேண்டும் என்று உணர்ந்த பிள்ளை, எண் என்று கண்டதற்கெல்லாம் தலைவணங்காது. வெயில் 40 டிகிரி என்றால் 20 டிகிரியைப் போல் இருமடங்கு வெப்பம் என்று பொருளாகாது, அங்கே சுழி நாம் வைத்தது என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். தேர்வில் 80 வாங்கியவள் 40 வாங்கியவனைவிட இருமடங்கு அறிவுள்ளவளா, இந்த மதிப்பெண்ணின் அலகு எது என்று அந்தப் பிள்ளை ஒரு நாள் கேட்கும். பெரியவர்களாகிய நாம் பதில் வைத்திருக்கிறோமா என்பது வேறு விஷயம். அளக்கத் தெரியாதவர்களைத்தான் எண்கள் எளிதில் மயக்குகின்றன.

கடைசியாகப் பிழை. மீட்டரை வகுப்பதற்காக 1792இல் தொடங்கி டன்கர்க் முதல் பார்சிலோனா வரை நிலத்தை அளந்த இருவரில் ஒருவர் பியர் மெஷான். பார்சிலோனாவில் இரு இடங்களிலிருந்து வானை நோக்கிக் கணித்த அட்சரேகை விடைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வேறுபாடு ஏறக்குறைய மூன்று விகலை. அவர் மிகக் கவனமானவர்; குறை அவர் உழைப்பில் இல்லை. ஆனாலும் அதை வெளியே சொல்ல முடியாமல் மறைத்தார், அந்த வேதனையோடே மீண்டும் அளக்கப் புறப்பட்டு 1804இல் ஸ்பெயினில் காய்ச்சலில் இறந்தார். அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்த பிறகே சகாவான டெலாம்பருக்கு உண்மை தெரிந்தது. மீட்டர், நினைத்ததைவிட 0.2 மில்லிமீட்டர் குறைவாக அமைந்ததற்கு முதன்மைக் காரணம், பூமியின் தட்டைத்தன்மை பற்றிய கணிப்புதான். எந்த அளவீடும் ஓர் இடைவெளியோடுதான் வரும் என்று சொல்லித்தரும் முறை அன்று உருவாகியிருக்கவில்லை. ஒரே ஒரு சரியான எண் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை ஒரு நேர்மையான மனிதரைப் பொய்க்குத் தள்ளியது. நம் வகுப்பறைகள் அதே நம்பிக்கையை இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கின்றன. கரும்பலகையை ஒரு குழு 2 மீட்டர் 41 சென்டிமீட்டர் என்றும் இன்னொரு குழு 2 மீட்டர் 43 சென்டிமீட்டர் என்றும் அளந்தால், கையேட்டைப் பார்த்து ஒன்றுக்குச் சரி, மற்றதற்குத் தவறு என்று போடுகிறோம். மறுமுறை அந்தக் குழு அளக்காது. பக்கத்துக் குழுவின் எண்ணைப் பார்த்து எழுதும். கடைத் தராசுக்குக்கூட இவ்வளவு பிழை வரை அனுமதி என்று நம் சட்ட அளவியல் விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. இரண்டு எண்களையும் பலகையில் எழுதி, யார் எங்கே கோலை நகர்த்தினார்கள், நாடா தொய்ந்ததா என்று பேசவிட்டு, 41க்கும் 43க்கும் இடையில் என்று எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அதற்குப் புதிய பாடநூலோ கருவியோ தேவையில்லை. ஒரு பாடவேளை கூடுதலாகவும், தன் எண்ணும் தவறாகலாம் என்று வகுப்பின் முன் ஒப்புக்கொள்ளும் ஓர் ஆசிரியரும் போதும்.