மறுக்கப்பட்டது எது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வேலூரில் அடியேனுடைய இல்லத்தில் சனிக்கிழமை மாலைகளில் பாகவதர்கள் சிலர் கூடித் திருவாய்மொழி ஸேவித்து, ஈட்டின் வழியே அர்த்தங்களை அநுபவிப்பது வழக்கம். தவறாமல் வந்துகொண்டிருந்த என் மருமான் 2025ஆம் ஆண்டின் இறுதியில் வருவதை நிறுத்திவிட்டான். ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கப்பல் ஆவணங்கள் தயாரித்து வந்தவன். ஆர்டர்கள் குறைந்தபோது வேலையை இழந்தான். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்தான். இரண்டில் மறுப்பு வந்தது. மற்றவற்றில் பதிலே இல்லை. கோஷ்டிக்கு வராததற்குக் காரணம் கேட்டேன். "உள்ளே நுழைந்ததுமே எல்லோரும் 'வேலை கிடைத்ததா?' என்கிறார்கள், மாமா. 'இல்லை' என்று எத்தனை முறை சொல்வது?" என்றான்.

அவனைத் தேற்ற எண்ணி, நாம் அனைவரும் அறிந்த திருக்கோட்டியூர் வைபவத்தைச் சொன்னேன். எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார். பதினேழு முறை நம்பி திருப்பியனுப்பினார். பதினெட்டாம் முறை ரஹஸ்யார்த்தம் கிடைத்தது. பொறுமையாகக் கேட்டவன், "நம்பி உடையவரை நன்கு அறிந்தே திருப்பியனுப்பினார். மறுபடியும் வருவார் என்று எதிர்பார்த்தும் இருந்தார். என்னை மறுத்தவர்களுக்கு என் முகமே தெரியாதே, மாமா" என்றான். அடியேனிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்க்கையில் அவன் சொன்னதே சரி என்று தோன்றிற்று. ஆசார்யனுடைய மறுப்பு சிஷ்யனுடைய நன்மையையே நோக்கியது. நிறுவனத்தின் மறுப்பு ஆர்டர்களின் எண்ணிக்கையை நோக்கியது. முன்னதன் பொருளைப் பின்னதற்கு ஏற்றினால், வேலையிழந்தவனிடம் 'உன்னிடம் ஏதோ குறை, அதனால்தான் கிடைக்கவில்லை' என்று சொன்னதாக முடியும். அவன் அஹங்காரத்தால் வேலையை இழக்கவில்லை. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த சுங்கவரி 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐம்பது சதவீதமாயிற்று. அந்த நாட்டையே நம்பித் தைத்துக் கொண்டிருந்த கூடங்களில் வேலை சுருங்கியது. இப்பகுதிக்கு இது புதிதன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், 2020இல் பெருந்தொற்று வந்ததையும் கண்ட ஊர்கள் இவை. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. தொழிலாளியின் தகுதி எந்த முறையும் காரணம் அன்று.

அப்படியானால் மறுக்கப்படுவது எது? அடியேன் வங்கியில் ஏற்றுமதிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். கடன் உறுதிக் கடிதங்களுக்கு யு.சி.பி. 600 என்ற பன்னாட்டு விதித்தொகுப்பு 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கி கையாள்வது ஆவணங்களையே, சரக்கை அன்று என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆம்பூரிலிருந்து மிக உயர்ந்த காலணிகள் கப்பல் ஏறியிருக்கலாம். பட்டியலில் ஓர் எண் பிழைத்தால் பில் திரும்பும். திரும்பியது காகிதம், பெட்டிக்குள் இருக்கும் காலணியை எவரும் பார்த்ததில்லை. மருமானும் இத்தொழிலே செய்தவனாதலால் இதைச் சொன்னதும் சற்றே சிரித்தான்.

நம் பூர்வர்கள் ஆத்மஸ்வரூபம் என்று காட்டியருளியது இந்தக் காகிதத்தை அன்று. ஞானமும் ஆனந்தமும் வடிவாய், எம்பெருமானுக்கே சேஷமாய் இருப்பது அது. எந்த நிறுவனமும் கொடுத்து வந்ததன்று. ஆகவே எந்த நிறுவனமும் பறிக்க இயலாதது. விபீஷணாழ்வான் கடற்கரையில் ஆகாயத்தில் நின்றபோது, கீழே ஸுக்ரீவன் தொடங்கி வானர முதலிகள் அவனை ஏற்கலாமா என்று விசாரித்தார்கள். சந்தேகித்தவர்கள் பலர். அவர்கள் சொல்லச் சொல்ல அவன் ஸ்வரூபம் குறையவில்லை. பெருமாள் ஏற்றபின் புதிதாகக் கூடவுமில்லை. தான் யாருக்கு உரியவன் என்பது தெளிந்திருந்ததால் அவன் இலங்கைக்குத் திரும்பவில்லை.

மருமானுக்கு மற்றொரு ஐயமும் இருந்தது. இப்படி வாசல்தோறும் கைகூப்பி நிற்பது சேஷத்வத்துக்கு இழுக்காகாதா என்றான். மனிதரைப் பாடிப் பொருள் பெறாதீர் என்று கவிகளை விலக்குகிற திருவாய்மொழி மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியிலேயே, உடல் வருந்தி உழைத்துப் பிழைக்கும்படி ஆழ்வார் அருளிச்செய்கிறார். ஆக, உழைப்பைத் தேடுவது தாழ்வன்று. வேலை கொடுப்பவரிடம் உழைப்புக்கு ஊதியம் கேட்கிறோம்; நம்மைக் காக்கும்படி கேட்பதோ எம்பெருமான் ஒருவனிடமே. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் ஒரு நிறுவனத்தின் மறுப்பு உலகமே கைவிட்டது போலத் தோன்றும்.

இவ்வளவும் அவனுக்குச் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. முன் சொன்ன விதித்தொகுப்பின்படி, ஆவணங்களை மறுக்கும் வங்கி ஒவ்வொரு குறையையும் குறிப்பிட்டு, ஐந்து வங்கி வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காலணிப் பெட்டியின் காகிதத்துக்கு உள்ள அந்த மரியாதை வேலை கேட்கும் மனிதனுக்குக் கிடைப்பதில்லை. அடியேனும் கடன் பிரிவில் இருந்த காலத்தில், 'பரிசீலிக்க இயலவில்லை' என்ற ஒற்றை வரியில் எத்தனையோ பேரைத் திருப்பியனுப்பியிருக்கிறேன். காரணம் எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதவில்லை. மறுக்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் பாகவதர்கள் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருக்கடிகை என்னும் சோளிங்கபுரத்தில் எழுந்தருளியிருந்த தொட்டையாசார்யர், ஒரு வைகாசியில் காஞ்சி கருடஸேவைக்குச் செல்ல இயலாமல் திருக்குளக் கரையில் கண்ணீர் விட்டார். வர இயலாதவர் இருக்குமிடத்துக்கே பேரருளாளன் எழுந்தருளி ஸேவை ஸாதித்தான். இன்றும் கருடஸேவையன்று கோபுரவாசலில் குடைகளால் ஒரு கணம் பெருமாளை மறைத்து அதை நினைவுகூர்கிறார்கள். வந்து கூடியிருக்கும் ஆயிரமாயிரம் பேர் அந்தக் கணம் காத்திருக்கிறார்கள், வராத ஒருவருக்காக.

எங்கள் கோஷ்டியில் அதன் பிறகு ஒரு முடிவு செய்தோம். வேலை கிடைத்ததா என்று எவரும் கேட்பதில்லை. வராதவர் வீட்டுக்கு இருவர் சென்று வருகிறோம். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோருக்கு, பாராயணம் முடிந்தபின் அடியேன் அரைமணி நேரம் அமர்ந்திருக்கிறேன். மருமானுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. சென்ற சனிக்கிழமை பன்னிரண்டாவது விண்ணப்பத்தைத் திருத்தினோம். அதற்கு முன், சாற்றுமுறைக்கு அவன் குரல் கோஷ்டியோடு சேர்ந்து ஒலித்தது.

அடியேன் ராமாநுஜ தாஸன்