மருந்தும் மயக்கமும்

நோயாளிகள் கஞ்சாவை உபயோகிக்கலாமா என்னும் கேள்வியை 1996 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வாக்காளர்களிடமே விட்டது. நூற்றுக்கு 55 பேருக்கு மேல் சம்மதித்தனர். டாக்டரின் சிபாரிசு போதும் என்றாயிற்று. புற்றுநோய், எய்ட்ஸ் என வரிசைப்படுத்திய அச்சட்டம், கஞ்சாவால் நிவாரணம் கிட்டும் வேறெந்த நோய்க்கும் ஆகும் என்று முடிந்தது. 20 ஆண்டுகள் கழித்து, 2016இல், 21 வயதானவர்கள் நோயே இல்லாமலும் உபயோகிக்கலாம் என்பதும் அங்கே ஓட்டெடுப்பில் நிறைவேறியது.

நம் நாட்டில் இதற்கு வாக்கெடுப்பு கிடையாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைத் தடுத்து, மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டும் வழிவிட்டிருக்கிறது. ஆயினும் நம்மிடம் ஓட்டுச் சீட்டு நீட்டப்பட்டால் என்ன செய்வோம்?

மதுவில் மனிதருக்குப் பயன் உண்டென்பதைத் திருக்குர்ஆன் மறுக்கவில்லை. கேடு பயனைவிடப் பெரிது என்றே தீர்ப்பளித்தது (2:219). எனவே பயனைக் காட்டிவிட்டால் மட்டும் விவாதம் முடிந்துவிடாது. நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்பதும் திருமறையின் தீர்ப்பே (2:173). 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இச்செடியைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். போதைக்காக உண்பது ஹராம் என்ற அப்பெரியார், அழுகிய உறுப்பை வெட்டியெடுக்கையில் வலி தெரியாதிருக்கக் கொடுப்பதற்கு இடமளித்தார்கள். சலுகை செடிக்கு அல்ல, நோய்க்கு. நோய் தீர்ந்தால் சலுகையும் தீரும்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியின் இடுப்பு வலி பொய்யல்ல. அதற்குத் தேவை ஓய்வும், டாக்டரும், வேலை நேரத்தைக் குறைக்கும் முதலாளியும். களைப்புக்கு ஒரு பொட்டலம் வாங்கி அதற்கு மருந்தென்று பெயர் சூட்டுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புற்றுநோயில் துடிக்கும் தாய்க்கு டாக்டர் எழுதித் தரும் மார்ஃபினை, 'போதையாயிற்றே' என்று நாம் மறுத்துவிடலாகாது. அத்தகைய மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கவே பாராளுமன்றம் 2014இல் சட்டத்தைத் திருத்தியது. மார்க்கமும் சட்டமும் திறந்த வழியை நாம் அடைப்பது பேணுதல் அல்ல. நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

ஆகவே, இன்ன நோய்க்கு, இன்ன அளவு, டாக்டரின் பொறுப்பில் என்று வரையறுக்கும் சட்டத்துக்கு நாம் சம்மதிக்கலாம். 'வேறெந்த நோய்க்கும்' என்று கதவைத் திறந்து வைக்கும் சட்டத்துக்குச் சம்மதிக்க முடியாது. பெரும்பான்மை ஓட்டு கடையைத் திறக்கலாம்; ஆனால் நமக்கு வந்தது நோயா, ஆசையா என்பதை அது சொல்லாது. அதை நம் நெஞ்சம் அறியும். நெஞ்சத்தைப் படைத்த அல்லாஹ் நன்கறிவான்.