பாளயத்தில் கேட்ட சத்தம்



தியானப் பகுதி: யாத்திராகமம் 32:15 முதல் 20 வரை.

மோசே இரண்டு கற்பலகைகளோடு மலையிலிருந்து இறங்கி வருகிறான். கூடவே யோசுவா. கீழே பாளயத்தில் ஒரே இரைச்சல். யோசுவா யுத்தவீரன் அல்லவா? காதில் விழுந்ததும், கீழே சண்டை நடக்கிறது என்று சொல்லிவிட்டான். மோசே இல்லை என்கிறான். ஜெயித்தவன் போடுகிற சத்தமும் இல்லை, தோற்றவன் அலறுகிற சத்தமும் இல்லை, யாரோ பாடுகிறார்கள் என்கிறான். கவனித்தீர்களா? இரண்டு தேவமனிதர்கள் மலைச்சரிவிலே நின்று, இது எந்த வகைச் சத்தம் என்று பேசுகிறார்கள். யோசுவா சொன்னது தப்பு, மோசே சொன்னது சரி. ஆனால் பாட்டுதான் என்று சரியாகக் கண்டுபிடித்த மோசேக்கும், கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் நடுவிலே நிற்கிற கன்றுக்குட்டி கண்ணில் பட்டது.

இந்தப் பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இந்த மூன்று மாதமாக அது என்னையே பிரசங்கித்துக்கொண்டிருக்கிறது. காரணத்தைச் சொல்லுகிறேன்.

ஒரு ஞாயிறு வாலிபர் கூட்டம் முடிந்து, சபை வாசலில் செருப்பு போடுகிற இடத்தில் இரண்டு தம்பிமார் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொல்லுகிறான், "அது கிளாம் மெட்டல்டா, முடிக்கு ஸ்பிரே அடிச்சிட்டு காதல் பாட்டு மாதிரி பாடுனவங்க." மற்றவன், நம்முடைய ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறவன், விடவில்லை. "முதல் ரெண்டு ஆல்பத்தைக் கேட்டுட்டுப் பேசு. அது சுத்தமான ஹெவி மெட்டல்." எனக்கு 'மெட்டல்' என்கிற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பரிசுத்த ஸ்தலத்து வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது என்று அதட்டினேன். அந்தத் தம்பி பயந்துகொண்டே கைபேசியை நீட்டி, "பாஸ்டர், ஏசாயா 53:5 போட்டிருக்காங்க பாருங்க" என்றான். நான் பார்க்கவில்லை. "வசனம் சொல்லிக்கிட்டுத்தான் பிசாசும் இயேசுகிட்ட வந்தான்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு கிட்டார் சுவரில் சாய்ந்தே இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. நாலாவது வாரம் அவனுடைய தாயார் ஜெப வேளை முடிந்து என் மனைவியிடம் வந்து அழுதார்கள். "ஐயா கேட்காமலே தீர்ப்பு சொல்லிட்டாருன்னு சொல்றான் அக்கா." கேட்காமலே! அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஒருவனுடைய காரியத்தைக் கேட்டறிகிறதற்கு முன்னே நம்முடைய நியாயப்பிரமாணம் அவனைக் குற்றவாளி என்று தீர்க்குமா என்று கேட்டவன் யார்? இரவிலே ஒளிந்து வந்த நிக்கொதேமு (யோவான் 7:51). அந்த அளவு நியாயம்கூட என்னிடத்தில் இல்லாமல் போயிற்று.

ஆகவே நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவனும், அவனோடு சண்டை போட்ட மற்ற தம்பியும் எனக்குச் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

அந்த இசைக்குழுவின் பெயர் ஸ்ட்ரைப்பர். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், ஆரஞ்ச் கவுண்டி. மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்று இரண்டு அண்ணன் தம்பி. கூட ஆஸ் ஃபாக்ஸ் என்கிற கிட்டார்க்காரர், டிம் கெய்ன்ஸ் என்கிற பேஸ் வாசிப்பவர். முதலில் ராக்ஸ் ரெஜீம் என்று பெயர் வைத்து மற்றவர்களைப்போலவே மதுக்கடை மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள்தான். 1983 வாக்கில் கர்த்தர் அவர்களைத் திரும்ப அசைத்தார். இனி இயேசுவுக்காக மட்டும் வாசிப்போம் என்று தீர்மானித்தார்கள். பெயரையும் மாற்றினார்கள். ஏசாயா 53:5-ல் நம்முடைய வேதம் தழும்பு என்று சொல்லுகிற இடத்தில், பழைய ஆங்கில வேதத்தில் ஸ்ட்ரைப்ஸ் என்று இருக்கிறது. சாட்டை பட்ட காயத்துக்கும் அந்த வார்த்தைதான், துணியில் இருக்கிற கோட்டுக்கும் அந்த வார்த்தைதான். ஆகையால் உடுப்பு, கிட்டார், டிரம், மேடை எல்லாமே மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு கோடாக. பார்த்தால் குளவிக்கூட்டம் மாதிரி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்! ஆனால் அந்தக் கோடு என் ஆண்டவருடைய முதுகில் உழப்பட்ட கோடு என்று தெரிந்தபோது என் வாய் அடைத்துப்போயிற்று. நான் பார்க்க மறுத்த வசனம் அது.

1984-ல் முதல் இசைத்தட்டு. 1986-ல் வந்த மூன்றாவது தட்டு அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பிசாசு நரகத்துக்குப் போகட்டும் என்பதுதான் அதன் தலைப்பு. கிறிஸ்தவ மெட்டல் குழு ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. உலகத்தார் பார்க்கிற எம்.டி.வி. தொலைக்காட்சியில் இவர்களுடைய பாட்டைக் கேட்டு வாலிபர் போன் மேல் போன் போட்டார்கள். மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளைக் கூட்டத்துக்குள்ளே எறிவார்கள். மற்றக் குழுவினர் குடித்த பாட்டிலை எறிந்த மேடைகள் அவை.

சரி, தம்பிமார் சண்டைக்கு வருவோம். ஒரு கட்சி சொல்லுகிறது: இரண்டு கிட்டார் ஜோடியாக ஓடுகிற ஓட்டமும், மைக்கேல் ஸ்வீட்டின் உச்ச ஸ்தாயிக் குரலும் ஹெவி மெட்டல்தான். இங்கிலாந்தின் ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் ஆகிய குழுக்களோடு சேர்த்துப் பேசவேண்டியவர்கள். அடுத்த கட்சி: தலைமுடி, முகப்பூச்சு, மென்மையான பியானோ பாட்டு, இதெல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ் கிளாம் கூட்டம், விற்பனைக்காகச் செய்தது. மூன்றாவது கட்சியும் ஒன்று உண்டாம்: இவர்கள் மெட்டலே இல்லை, 'கிறிஸ்தவ மெட்டல்' என்று தனிப்பெட்டியில் போட வேண்டும். அதற்குக் கிட்டார் தம்பி கேட்டான், "பாஸ்டர், ராகத்தை வச்சு வகை பிரிப்பாங்களா, வார்த்தையை வச்சா? கிட்டார் கம்பிக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதாகமக் கல்லூரியில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பெயர் வைக்கிறவன் எப்போதும் வெளியே நிற்கிறவன்தான். கிறிஸ்தவர்கள் என்கிற பெயரைச் சீஷர்கள் தாங்களே வைத்துக்கொள்ளவில்லை, அந்தியோகியாவில் மற்றவர்கள் அப்படி அழைத்தார்கள் (அப். 11:26). கைதட்டிப் பாடினதற்காக நம்முடைய மூப்பர்களை 'அல்லேலூயாக் கூட்டம்' என்று தெருவில் கேலி பண்ணினார்களே, அதுவும் ஒரு வகைப்பெயர்தானே! கொட்டுமேளம் எதற்கு, சினிமாக் கொட்டகையா இது என்று நம்மைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அதே கேள்வியை நான் ஒரு பதினெட்டு வயதுப் பையனிடத்தில் கேட்டேன்.

இந்தக் குழுவின் சரித்திரத்தில் பெந்தெகொஸ்தேக்காரராகிய நாம் கட்டாயம் அறியவேண்டிய ஒரு பக்கம் உண்டு. ஸ்வீட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது இரட்சிக்கப்பட்டது யாருடைய செய்தியைக் கேட்டு? தொலைக்காட்சியில் ஜிம்மி ஸ்வாகர்ட் பிரசங்கம் கேட்டு. நம்மில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். அசெம்பிளிஸ் ஆஃப் காட் ஊழியக்காரர், கண்ணீரோடு பிரசங்கிப்பவர், பியானோ வாசித்துப் பாடுபவர். ராக் பாடகர் ஜெரி லீ லூயிஸ் அவருக்கு உறவுமுறைச் சகோதரர். இரண்டு பேரும் ஒரே ஊரில் பியானோ பழகினவர்கள். அந்த ஸ்வாகர்ட்தான் 1980களில் ஸ்ட்ரைப்பரைக் கடுமையாகக் கண்டித்தார். இவர்கள் புதிய ஏற்பாட்டை எறிவது பன்றிகள் முன் முத்துக்களைப் போடுவதுபோல என்றார். தன் பிரசங்கத்தில் பிறந்த பிள்ளைகளையே அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, பாருங்கள். 1988 பெப்ருவரியில் அவரே தன் பாவத்தைப் பிரசங்க மேடையில் அழுது அறிக்கையிட வேண்டி வந்தது. அவருடைய ஸ்தாபனம் அவருடைய ஊழிய அங்கீகாரத்தை எடுத்துப்போட்டது. 2025 ஜூலையில் தமது 90-ஆம் வயதில் மரித்தார். இதை அவரைக் குத்துவதற்காக எழுதவில்லை. அவருடைய பாட்டைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன். முத்து என்று எதைச் சொன்னோம், பன்றி என்று யாரைச் சொன்னோம் என்பதை நினைத்து நடுங்குகிறேன், அவ்வளவே.

அதற்காக அந்தக் குழுவை நான் பரிசுத்தவான்களாக்கவும் போவதில்லை. 1990-ல் வந்த தட்டில் மஞ்சள் கறுப்புக் கோடுகள் காணாமல் போயின. வார்த்தைகளில் கர்த்தருடைய நாமம் நேரடியாக இல்லை. சபைகளின் கண்டனத்தாலும் உலகத்தின் கேலியாலும் சலித்துப்போய், நாங்களும் சாதாரண ராக் குழுதான் என்று காட்டப் பார்த்தார்கள். அந்த நாட்களில் குடியில் விழுந்ததை மைக்கேல் ஸ்வீட் பின்னாளில் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிவிட்டார். விற்பனையும் விழுந்தது. 1992-ல் அவர் விலகினார், குழு கலைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இசை நுட்பத்தை மட்டும் பார்க்கிற ரசிகர்களில் அநேகர் அந்த 1990-ஆம் வருஷத் தட்டைத்தான் இவர்களுடைய சிறந்த வேலைகளில் ஒன்று என்று இன்றும் வாதாடுகிறார்கள்! வகை என்ன என்று ஒருவரும் சந்தேகப்படாத தட்டு அதுதான். ஆதி அன்பை விட்ட தட்டும் அதுதான். எபேசு சபைக்கும் கிரியைகளில் குறை இருக்கவில்லை (வெளி. 2:2-4).

2003-ல் மறுபடியும் கூடினார்கள். 2005 முதல் திரும்பவும் இயேசுவின் நாமத்தைச் சொல்லியே தட்டுகள் வருகின்றன. 2024-லும் ஒன்று வந்தது. இடையிலே 2009-ல் மைக்கேல் ஸ்வீட்டின் மனைவி புற்றுநோயால் மரித்தார். 2018-ல் ஆஸ் ஃபாக்ஸுக்கு மூளையில் கட்டி என்று கண்டார்கள். அதற்கு அப்புறமும் அவர் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை.

இவர்கள் விட்டுப்போன சுதந்தரம் என்ன என்று தம்பிமாருக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பின்னால் வந்த எத்தனையோ கிறிஸ்தவக் குழுக்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் என்கிறான் ஒருவன். கதவை முன்னமே ரெசரெக்‌ஷன் பேண்ட், பெட்ரா ஆகியோர் 1970களில் திறந்துவிட்டார்கள், இவர்கள் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள் என்கிறான் மற்றவன். எனக்கு அவன் சொன்னது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. நான் யோசித்தது வேறு: அந்த எறியப்பட்ட புதிய ஏற்பாடுகள். எத்தனை மிதிபட்டனவோ, எத்தனை பேர் வீட்டுக்குக் கொண்டுபோனார்களோ. இரவில் ஒருவன் தனியாகத் திறந்து பார்த்திருந்தால், அவனை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்? பவுல் சிறையிலிருந்து எழுதும்போது, சிலர் பொறாமையினால் பிரசங்கிக்கிறார்கள், சிலர் அன்பினால் பிரசங்கிக்கிறார்கள் என்று தெரிந்தே எழுதுகிறான். எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம் என்கிறான் (பிலி. 1:15-18). நான் அவ்வளவு பெரிய மனசுக்காரன் இல்லை. அந்தப் பாட்டுகளில் இரண்டைக் கேட்டேன், தலைவலி வந்தது. மூன்றாவதைத் தம்பி போடும்போது காப்பி கொண்டுவரச் சொல்லி அவன் தாயாரைக் கூப்பிட்டேன்.

காதுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, கன்றுக்குட்டி நிற்கிறது என்பது வேறு. யோசுவாவும் நானும் மலைமேலேயே நின்று சத்தத்தை வைத்துத் தீர்த்துவிட்டோம். கீழே இறங்கிப் பார்க்கவேண்டும் பிரியமானவர்களே. வெள்ளுடையும் தாளக்கட்டும் அந்நியபாஷையும் நிறைந்த பாளயத்தின் நடுவிலும் கன்றுக்குட்டி நிற்கலாம். அது என் பாளயத்தில் நின்றது. 'பாஸ்டர் நல்லா பதில் சொன்னார்' என்று நாலு பேர் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பைத்தான் நான் பொன்னாக வார்த்து வைத்திருந்தேன்.

அன்று நான் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல பாஸ்டர்" என்றான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்துப் பேர் முன்னால் வைத்த அவமானத்தை, வீட்டுக்குள் தனியாகக் கேட்ட மன்னிப்பு சரிக்கட்டாது என்று அவன் தாயார் வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்கள். அந்தச் சகோதரி சொன்னது சரி. ஆகையால்தான் நீங்கள் எல்லாரும் வாசிக்கிற இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். அவன் பெயரை எழுதவில்லை, அவனுக்குத் தெரியும்.

கடந்த ஞாயிறு காலை ஆராதனையில் இரண்டாவது பாட்டுக்கு நடுவிலே பின்வாசல் திறந்தது. கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். கிட்டாரைத் தொடவில்லை. முடிவு ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டான். சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவனை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டாருக்குப் புதுக் கம்பி வாங்கி மாட்டி, அதே சுவரோரம் வைத்திருக்கிறேன்.