கூலி பெறாதோர் கடன்

கூலி பெற்றுப் பணிபுரிபவனின் கடமை யாது என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு விடையைத் தந்துள்ளது. செஞ்சோற்றுக்கடன் என்னும் ஒரு தொடருள் அவ்விடை அடங்கிவிடுகிறது. பாரதக் கதையின் கர்ணன், தான் நிற்கும் பக்கத்தில் அறமில்லை என்பதை அறிந்திருந்தும் துரியோதனனை விட்டு நீங்காமைக்குக் காட்டப்படும் நியாயம் அதுவே. அந்நியாயம் போதுமானதா என்பது வேறு விடயம். ஆயினும் அது விளங்கிக்கொள்ளத்தக்கது. உண்ட சோறு ஒருவனைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் சோற்றை உண்ணாது, தன் வீட்டுச் சோற்றை உண்டு, தன் ஓய்வுநாட்களையும் ஓரளவு தன் பணத்தையும் அந்நிறுவனத்துக்கே கொடுத்து உழைப்பவனை எது கட்டுப்படுத்தும்? அந்நிறுவனம் தன் கொள்கையை மாற்றும்போதோ, மாற்ற மறுக்கும்போதோ, அவன் யாருக்குக் கடமைப்பட்டவன்?

இது வெறும் ஏட்டு வினாவன்று. தொண்டர்களாலேயே இயங்கும் சாரணர் இயக்கம் இதனைப் பல நாடுகளில் எதிர்கொண்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் அது எதிர்கொண்ட முறை தனியே ஆராயத்தக்கது. 1910 இல் அங்கு நிறுவப்பெற்ற சிறுவர் சாரணர் இயக்கம் (2025 பெப்ரவரி முதல் அது ‘ஸ்கௌற்றிங் அமெரிக்கா’ என்னும் பெயரால் வழங்குகிறது) 2013 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 26 இலட்சம் இளையோரையும் 10 இலட்சம் வளர்ந்தோரையும் கொண்டிருந்தது. அவ்வளர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாதோர். குழுக்களை நடத்தும் பொறுப்பைத் தேவாலயங்கள், ஊர்ச் சங்கங்கள் முதலான ஆதரவு நிறுவனங்கள் ஏற்பது அந்நாட்டு வழமை. அக்காலத்திற் குழுக்களுள் 70 வீதமளவு சமய நிறுவனங்களின் ஆதரவில் இருந்தன. வார இறுதியிற் கூடாரம் அடிப்பவரும், முதலுதவி கற்பிப்பவரும், மழையில் நனைந்த சிறுவனின் காலுறையை நெருப்பருகே உலர்த்துபவரும் தொண்டர்களே. தேசிய அலுவலகம் விதிகளை எழுதலாம். ஆனால் எந்த விதியும் ஒரு சிறுவனைச் சென்றடைவது ஒரு தொண்டரின் வாய்வழியாகவே.

தன்பாலீர்ப்பு உடையோரை ஏற்பதில்லை என்பது அவ்வியக்கம் பல்லாண்டுகள் கைக்கொண்ட விதி. நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஜேம்ஸ் டேல் என்பவர் எட்டு வயதிற் குருளைச் சாரணராகச் சேர்ந்து, மிக உயர்ந்த படியாகிய கழுகுச் சாரணர் தகுதியை எய்தி, உதவிச் சாரணத் தலைவராகவும் பணியாற்றியவர். பல்கலைக்கழக மாணவராயிருக்கையில் அவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்பது செய்தித்தாள் ஒன்றின் வழியே தெரியவந்தது. 1990 இல் அவர் நீக்கப்பட்டார். நியூ ஜேர்சி மாநில உச்ச நீதிமன்றம் 1999 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2000 ஜூனில், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அத்தீர்ப்பைப் புரட்டியது. நீதிமன்றம் ஆராய்ந்தது, தன் கருத்துக்கு ஒவ்வாதவரை விலக்கும் உரிமை ஓர் அமைப்புக்கு உண்டா என்பதையே. விலக்குதல் அறமா என்பதையன்று. உரிமை உண்டு என்பதிலிருந்து அறமே என்பதற்குத் தாவிவிடுதல் பின்வந்த விவாதங்களிற் பலகாலும் நேர்ந்த தவறாகும்.

அவ்வழக்கில் இயக்கம் ஊன்றிநின்ற ஆதாரங்களுள் ஒன்று சாரணர் வாக்குறுதியில் வரும் ஒரு தொடர். பேடன் பவல் வகுத்த வாக்குறுதியோடு 1911 இல் அமெரிக்கர் தாமே சேர்த்துக்கொண்ட பகுதியில், உடலில் வலிமையோடும் உள்ளத்தில் விழிப்போடும் ஒழுக்கத்தில் நேர்மையோடும் இருப்பதாகச் சாரணன் உறுதிகூறுகிறான். அவ்வொழுக்க நேர்மை என்பதனுள்ளேயே தடை அடங்கியிருக்கிறது என்பது இயக்கத்தின் வாதம். இங்குதான் வாக்குறுதி என்பதன் இயல்பு பற்றிய ஒரு சிக்கல் தோன்றுகிறது. பதினொரு வயதுச் சிறுவன் மூன்று விரல்களை உயர்த்தி ஓர் உறுதிமொழியைக் கூறும்போது அதன் பொருளை நிறுவுபவர் யார்? கூறியவனும் கேட்டவரும் அவ்வேளையில் எதனை விளங்கிக்கொண்டனரோ அதுவே பொருள் என்பது பொதுவழக்கு. கடன்பத்திரத்தில் ஒப்பமிட்டவன் பின்னர் அதன் ஓரத்தில் எழுதப்பட்ட வரிக்குப் பொறுப்பாளியாகான். பொய் சொல்லாதே, களவெடுக்காதே, தூய்மையாக இரு என்று அச்சிறுவனுக்கு விளக்கங்கூறிய தலைவர், அன்று சொல்லாத ஒரு பொருளை அவன் பதினேழாம் வயதில் எடுத்துக்காட்டி நீ வாக்குத் தவறினாய் என்பாராயின், வாக்குத் தவறியவர் யார் என்பது ஐயத்துக்குரியதாகிறது.

மாற்றத்தை எதிர்த்த தொண்டர்களுக்கும் ஒரு வாக்குறுதி வாதம் இருந்தது; அதனை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. இவ்வியக்கம் இன்னது என்று நம்பியே பெற்றோர் தம் பிள்ளைகளை ஒப்படைத்தனர், அந்நம்பிக்கையை ஏற்றுக்கொண்டபின் ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றுதல் நம்பினோரை ஏமாற்றுவதாகும் என்று அவர்கள் கூறினர். சமய நெறியில் உறுதியாக நின்ற பலர் இதனை வெறுப்பின்றியே கூறினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. எனினும் அவ்வியக்கத்தின் வரலாறு இவ்வாதத்துக்கு அதிகம் இடந்தருவதில்லை. தென் மாநிலங்கள் பலவற்றிற் கறுப்பினச் சிறுவர்க்குத் தனிக் குழுக்கள் பல தசாப்தங்கள் நீடித்தன. அம்முடிவைத் தலைமையகம் உள்ளூர் மன்றங்களின் விருப்புக்கே விட்டிருந்தது. தலைமைப் பதவிகள் யாவும் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1988 இலேயே. அவ்விரு வழமைகளை நம்பியும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியே இருந்தனர். வழமையை நம்பினோர் உளர் என்பது மட்டுமே வழமையைக் காப்பதற்குப் போதிய நியாயமாயின் எந்த அநீதியையும் எக்காலத்தும் நீக்கவியலாது.

சிறுவர்களின் பாதுகாப்பு என்னும் வாதமே எல்லாவற்றிலும் வலிமை வாய்ந்ததாகத் தோன்றியது. ஆராயின் எல்லாவற்றிலும் வலுவிழந்து போனதும் அதுவே. ஒறிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2012 ஒக்டோபரில் இயக்கத்தின் மறைவான கோப்புகள் வெளியிடப்பட்டன. 1965 முதல் 1985 வரையான காலத்தைச் சேர்ந்த அக்கோப்புகள் 1,200 க்கும் மேற்பட்டவை. சிறுவர்களைத் துன்புறுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தலைவர்கள் பற்றிய விபரங்களை இயக்கம் திரட்டி வைத்திருந்தமையும், பல சந்தர்ப்பங்களில் அவை காவற்றுறைக்கு அறிவிக்கப்படாமையும் அவற்றால் வெளிவந்தன. 2020 பெப்ரவரியில் இயக்கம் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. அதனைத் தொடர்ந்து 82,000 க்கும் அதிகமானோர் தாம் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டதாக இழப்பீடு கோரினர். ஏறத்தாழ 246 கோடி டொலர் பெறுமதியான இணக்கம் ஏற்பட்டது. ஆபத்தைச் செய்கையில் தேடாது ஒருவரின் இயல்பிலே தேடியதன் விளைவு இது என்று முழுவதும் கூறிவிட முடியாது. பெயரைக் காக்கும் ஆசையும் மரியாதைக்குரிய மனிதரைச் சந்தேகிக்கும் கூச்சமும் அதிற் பங்குகொண்டன. ஆயினும் வாயிலில் தவறான ஆளைத் தடுக்கும் காவலன் தன் கடமை முடிந்தது என்று அமைதியடைந்துவிடுகிறான். 2012 இல் ஒகையோ மாநிலத்தில், தன் மகனின் குருளைச் சாரணர் பிரிவை நடத்திவந்த தாயொருவர் தன்பாலீர்ப்பு உடையவர் என்ற காரணத்தால் நீக்கப்பட்டார். கோப்புகள் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான்.

மாற்றத்தை வேண்டியோரின் வாதங்களும் எல்லாம் தூயனவல்ல. இன்ரெல், யூ.பி.எஸ். போன்ற பெருநிறுவனங்கள் 2012 இல் நன்கொடையை நிறுத்தியபோது, பணம் போகிறது, ஆட்கள் குறைகின்றனர், ஆகவே விதியை மாற்றுவோம் என்று கூறியோர் இருந்தனர். நன்கொடையாளர் மறுபக்கம் நின்றிருந்தால் இவர்கள் என்ன சொல்லியிருப்பர்? செஞ்சோற்றுக்கடன் இல்லாத தொண்டன் பிறர் தரும் சோற்றை நினைத்து வாக்களித்தல் விந்தையே.

2013 மே 23 இல் ரெக்சாஸ் மாநிலத்தின் கிறேப்வைன் நகரில், ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட தேசிய மன்றம் வாக்களித்தது. உறுப்பினர் பெரும்பாலும் தொண்டர்கள். 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்ற தீர்மானத்தின்படி, 2014 ஜனவரி முதல் எச்சிறுவனும் பாலீர்ப்பு ஒன்றை மட்டுமே காரணமாகக்கொண்டு விலக்கப்படமாட்டான். வளர்ந்தோருக்கான தடை மட்டும் அப்படியே இருக்கும். இருதரப்பாரையும் ஓரளவு நிறைவுசெய்யும் இணக்கம் என்று இது புகழப்பட்டது.

இணக்கம் என்பது இழிவானதன்று. மனிதர் கூடிவாழ அது வேண்டும். ஆனால் இணக்கத்தின் விலையைச் செலுத்துபவர் யார் என்று கேட்டாகவேண்டும். நிலத்தகராற்றில் இரு அயலவர் வேலியைத் தலைக்கு அரை முழம் பின்வாங்கினால் இருவரும் எதையோ இழக்கின்றனர். கிறேப்வைனிலோ வாக்களித்தோர் எவரும் எதனையும் இழக்கவில்லை; இழந்தவன் அவ்வவையில் இல்லாத சிறுவன். பதினேழு வயதுவரை அவன் சகோதரன். பதினெட்டாம் பிறந்தநாளன்று தகுதியற்றவன். சாரணனாயிருந்த ஒருவன் அவ்வயதில் தன் குழுவிலேயே உதவித் தலைவனாகி, தான் பெற்றதைத் தனக்குப் பின்வரும் சிறுவர்க்குக் கொடுப்பது அவ்வியக்கத்தின் இயல்பான வளர்ச்சிநெறி. பன்னிரண்டு வயதில் அவனை வரவேற்பவர், அவன் ஆறு ஆண்டுகளில் வெளியேற்றப்படுவான் என்பதை அறிந்தே வரவேற்கிறார். முன்னைய தடை கொடியதாயினும் மறைப்பற்றது. புதிய விதி ஒரு பிள்ளையின் அன்பையும் உழைப்பையும் பெற்றுக்கொண்டு, கைம்மாறு செய்யவேண்டிய வேளையிற் கதவைச் சாத்துகிறது. கூலி பெறாத தொண்டனுக்கு நிறுவனத்திடம் கடனில்லை. ஆனால் ஒரு சிறுவனின் வாக்குறுதியைத் தன் செவியால் ஏற்றவுடன் அச்சிறுவனிடம் அவன் கடன்பட்டுவிடுகிறான். நிறுவனத்தை உடையாமற் காப்பதற்காக அக்கடனைத் தள்ளுபடி செய்ய அவனுக்கு அதிகாரமில்லை.

தடை இருந்த காலத்தில் வேறொருவகைத் தலைவரையும் எண்ணிப் பார்க்கலாம். தன் குழுவிலுள்ள ஓர் இளைஞனைப் பற்றி அவருக்குத் தெரியும். அவர் கேட்பதுமில்லை, மேலிடத்துக்கு அறிவிப்பதுமில்லை. மன்ற விவாதங்களில் அவர் எழுந்து பேசமாட்டார். விதி எழுதியோர் எழுதட்டும், என் குழுவில் என் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன் என்பது அவர் நிலை. இவரை நல்லவர் என்று சொல்லவே மனம் விழையும். அவர் நல்லவரே. ஆயினும் அவரது கருணையில் ஒரு குறை உண்டு. அவ்விளைஞன் குழுவில் நிற்பது தன் உரிமையாலன்று, அவரது தயவால். அவர் வேலை மாறி வேறூர் சென்றால், நோயுற்றால், வேறொருவர் அவ்விடத்துக்கு வந்தால் அத்தயவும் போய்விடும். மேலும், வாய்மையே சாரணர் சட்டத்தின் முதற்படி என்று கற்பிப்பவர் மறைத்தலையும் கூடவே கற்பித்துவிடுகிறார். பொதுவிதி அநீதியாயிருக்கையில் தனிமனித இரக்கம் அதன் கூர்மையை மழுக்கி அதன் ஆயுளை நீட்டிவிடவுங்கூடும். அவர் மன்றத்தில் வாய்திறந்திருந்தால் ஒருவேளை பதவியை இழந்திருப்பார். அவ்விளைஞனும் ஒரு காவலரை இழந்திருப்பான். இவ்விடர்ப்பாட்டுக்கு எளிய தீர்வு இல்லை. ஆயினும், நீக்கப்பட்டால் தன் பிழைப்புக் கெடாத ஒருவர், பிழைப்புக்காக அஞ்சும் ஊழியரின் மௌனத்தைக் கைக்கொள்வது சற்று அதிகமான எச்சரிக்கையே.

வெளியேறியோரும் உளர். 2013 தீர்மானத்தின் பின் அதனை ஏற்கமுடியாதோர் ‘ட்றெயில் லைஃப்’ என்னும் கிறித்தவச் சார்புடைய தனியமைப்பை உருவாக்கினர். தமக்குச் சரியெனப் படாத விதியின்கீழ் இருந்துகொண்டு அதனை உள்ளிருந்தே குலைப்பதிலும் இது நேரியது. ஆனால் தொண்டன் தனியாக வெளியேறுவதில்லை. அவன் பின்னே சிறுவர்களும் போகின்றனர். தம் நண்பரை விட்டுப் பிரிவது பற்றி அவர்களை எவரும் கேட்பதில்லை.

வளர்ந்தோருக்கான தடை 2015 ஜூலை 27 இல் நீங்கியது. இம்முறை வாக்களித்தோர் 1,400 பேரல்லர். தேசிய நிறைவேற்றுக் குழுவினரே 45 க்கு 12 என்ற கணக்கில் முடிவெடுத்தனர். அப்போது தலைவராயிருந்தவர் முன்னாட் பாதுகாப்புச் செயலாளர் றொபேட் கேற்ஸ். தடை நிலைக்காது, உள்ளூர் மன்றங்கள் அதனை மீறத் தொடங்கிவிட்டன, நீதிமன்றங்கள் தலையிடக்கூடும் என்பன அதே ஆண்டு மே மாதத்தில் அவர் முன்வைத்த காரணங்கள். அச்சிறுவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி அவ்வரிசையில் முதலிடம் பெறவில்லை. பேரவை அரைகுறையாகச் செய்ததைச் சிறுகுழு, அதுவும் நடைமுறைக் கணிப்பால், முடித்துவைத்தது. மக்களாட்சி முறையில் நம்பிக்கையுள்ளோர்க்கு இது உவப்பான செய்தியன்று. ஆனால் அதனால் விளைந்த நன்மையைப் பெற்றவன் அதற்காக அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டுவதில்லை.

அம்முடிவிலும் ஒரு விலக்கு வைக்கப்பட்டது. சமய நிறுவனங்கள் ஆதரிக்கும் குழுக்கள் தத்தம் சமயக் கோட்பாட்டின்படி தலைவர்களைத் தெரிவுசெய்யலாம். மனச்சாட்சிச் சுதந்திரத்தை மதிப்போர் இதனை மறுத்தல் கடினம். எனினும் தேவாலயக் குழுவொன்றில் வளர்ந்து பதினெட்டு வயதை அடைந்தவன் அடுத்த வீதியிலுள்ள குழுவில் உதவித் தலைவனாகலாம். தன்னை வளர்த்த குழுவில் ஆகமுடியாது போகலாம். இரண்டிலும் சீருடை ஒன்று, வாக்குறுதியும் ஒன்று. அவனை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்போர் தொலைவிலுள்ள தேசிய அலுவலகத்தினர் அல்லர், அத்தேவாலயத்துப் பெரியோர். அவனுக்கு முதன்முதலில் முடிச்சிடக் கற்றுக்கொடுத்த தொண்டரும் அவர்களுள் ஒருவராயிருக்கக்கூடும்.